கூச்ச சுபாவக் கார்

உலகத்தில் ஓடுகிற அத்தனை கார்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாலும், மனிதர்களைக் கண்டு வெட்கப்படுகிற கார் ஒன்றே ஒன்றுதான் தேறும். அது வானிலைக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறது. கூட இன்னொரு ஆள் உட்கார்ந்தால் பரம சாது. அவர் தனியாக ஓட்டினால் போதும். வெட்ட வெயிலில் வைப்பர் இரண்டும் கைவீசி ஆடும், ரேடியோ பாடும், ஹார்ன் தாளம் போடும், இண்டிகேட்டர் போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். எந்த சர்க்கஸ்காரர் பார்த்தாலும் காரைத் தத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நம்ப மாட்டீர்கள். அவர் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை.

யாரும் நம்பாதது அவருக்குப் புதிதல்ல. வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடை எடுத்துப் போங்கள் என்று இவர் சொன்னால், ஊரே குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும்.

"மறுபடியும் ஆடிடுச்சு" என்று சாவியை மேசைமேல் வைத்தார்.

"என்னது?" என்றாள் மனைவி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வைப்பர்."

"வெளியில மழையா?"

"மழை இல்லை. அதைத்தானே சொல்றேன்."

"எழுந்திரிங்க. நானும் வரேன். எப்படி ஆடுதுன்னு பாத்துடுவோம்."

தெருவைச் சுற்றினார்கள். பூங்காவைச் சுற்றினார்கள். கார் பட்டுப்போல ஓடியது. மேடு பள்ளம் பார்த்து வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிப் படுத்துத் தூங்கியது.

"கார் நல்லாத்தான் இருக்கு. எனக்கு உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்று மனைவி இறங்கிப் போனாள். போன வேகத்தில் மகளுக்கு போன் போட்டாள்.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் மென்மையாகத்தான் சொல்வாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா கொஞ்ச நாள் வண்டி ஓட்ட வேண்டாமே."

வானிலைக்காரர் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சாவி இருக்கிறவரைக்கும்தான் அவர் நினைத்த நேரத்தில் நூலகம், நினைத்த நேரத்தில் நண்பர் வீடு. அது போய்விட்டால், வாசலில் நின்று "அந்தப் பக்கமாப் போறீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிற மனிதராகிவிடுவார்.

ஓடினார் மெக்கானிக்கிடம். மெக்கானிக் பேட்டரி முனைகளைத் தேய்த்தார், ஃபியூஸ்களைக் கழற்றி மாட்டினார், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றும் வந்தார்.

"ஒண்ணுமே ஆகலையே சார்."

"அதுதாங்க பிரச்சினை."

"ஒண்ணும் ஆகாததா சார் பிரச்சினை?"

வந்ததற்கு ஏதாவது செய்யுங்கள் என்று இவர் கெஞ்ச, மெக்கானிக் ஹார்னுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலேயை மாற்றிக் கொடுத்தார். அதுவரை இருமிக்கொண்டிருந்த ஹார்ன், இவர் தனியாகத் திரும்பி வரும்போது கப்பல் மாதிரி முழங்கியது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் மந்திரிதான் வருகிறார் என்று விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கூடவே வைப்பரும் ஆடியதால், இவர் பதில் வணக்கம் சொல்வதுபோல் இருந்தது.

அதோடு விட்டதா? தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுப் பல் டாக்டர் பார்த்துவிட்டார். வானிலைக்காரர் வாயால் சொன்னால் வேறு, வெயிலில் வைப்பரே போட்டுக்கொண்டு வருகிறார் என்றால் உள்விஷயம் ஏதோ இருக்க வேண்டும் என்று மாடிக்கு ஓடித் துணிகளை எடுத்தார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கால்மணி நேரத்தில் தெருவில் ஒரு கொடியிலும் கைக்குட்டைகூட இல்லை. மழையும் இல்லை. ஈரத்துணியை மறுபடி காயப்போட்டவர்கள் பேசியது எல்லாம் மனைவி காதுக்கு வந்தது.

சாட்சி வேண்டும் என்று, மறுநாள் போனை ஸ்டியரிங் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். போன் சரிந்து, அவர் முகவாய்க்கட்டை மட்டும் பதிவாகியிருந்தது. பின்னணியில் ஹார்ன். நடுநடுவே "பாத்தியா, ஆரம்பிச்சிட்டான் பாரு" என்று அவர் குரல்.

படத்தைப் பார்த்த மகள், "யாருகிட்டப்பா பேசுறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கார்கிட்ட."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள் மகள்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்து யோசித்தார். ஆள் இருந்தால் சாது, இல்லாவிட்டால் ஆட்டம். அப்படியானால் வித்தியாசம் அவரிடம் இல்லை, பக்கத்து சீட்டில். அதன் அடியில்தான் ஒயர்க் கட்டு போகிறது. உள்ளே எங்கோ ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அமுங்கி ஒட்டிக்கொள்கிறது, எழுந்தால் வண்டி குலுங்கும்போதெல்லாம் கண்ட இடத்தில் உரசி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது.

பெரிய தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பித் தூக்கிவந்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். உருளக்கூடாதே என்று பெல்ட்டும் போட்டார். ஊரைச் சுற்றி வந்தார். வைப்பர் அசையவில்லை. கேனை இறக்கினார், முதல் திருப்பத்திலேயே கச்சேரி. ஏற்றினார், அமைதி. பூமி உருண்டை என்று முதலில் கண்டுபிடித்தவர்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். சந்தோஷத்தில் கேனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அதைத்தான் பல் டாக்டரின் மனைவி பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது, மனைவி மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தாள்.

"கேனுக்கு பெல்ட் போட்டிருக்காருடி. தோள்ல வேற தட்டுறாராம்" என்றாள்.

"சீட்டுக்கு அடியில பாருங்க, ஒயர் அறுந்திருக்கும்" என்று வானிலைக்காரர் மெக்கானிக்கைக் கெஞ்சினார்.

மெக்கானிக் சீட்டின்மேல் ஒரு முழங்காலை நன்றாக ஊன்றிக் குனிந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தார். "கரண்ட் ஜம்முனு வருது சார்."

"காலை எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் டெஸ்டர் விளக்கு எரிந்தது.

"நிக்கிறப்ப ஆடாது. ஓடணும்."

"சரி, ஓட்டுங்க. நான் ஏறிக்கிறேன். வெளியில நின்னு பாத்தா, நீங்களே சுவிட்சைப் போட்டீங்களான்னு தெரியாதே."

"நீங்க ஏறினா ஆடாதுங்க."

மெக்கானிக் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். வானிலைக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அதன் வளையத்தை ஒருமுறை விரலால் துடைத்து, மகள் கையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. அம்மாவுக்கும்தான் லைசென்ஸ் இருக்கே. கடைக்கு, மாமா வீட்டுக்கு எல்லாம் இனிமே அம்மாவே போய்ட்டு வரட்டும்" என்று சாவியை நீட்டினாள் மகள்.

மனைவி கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கம்மா."

"இருக்கட்டும். அவரே வச்சுக்கட்டும்."

"என்னம்மா இது? சாவியைப் புடுங்கு புடுங்குன்னு வாரம் பூரா போன் போட்டது நீதானே?"

மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் தனியாப் போனாலும் ஆடுதுடி" என்றாள். "போன மாசமே ஆடுச்சு. சொன்னா என்னையும் பைத்தியம்னு சொல்லுவீங்களேன்னுதான் வாயைத் திறக்கலை."