அனுப்புநர்: மறைந்த மேலாளர்

"ஒயரு! ஓடி வாடா! செத்தவர் மெயில் போட்டிருக்காரு!"

புகார் அக்கா போட்ட சத்தத்தில், ஒயர் கையிலிருந்த காப்பி வாய்க்குப் போகாமல் சட்டைக்குப் போனது.

அக்கா லேசில் அலறுகிறவள் அல்ல. அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாகப் புகார் வாங்குகிறவள். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் விடும் சாபத்தை ஒரு காதில் வாங்கிக்கொண்டே, மறு காதில் பாட்டுக் கேட்கிறவள். அப்பேர்ப்பட்டவள் நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றிருந்தாள்.

ஒயர் எட்டிப் பார்த்தான். அனுப்புநர் இடத்தில் பழைய மேலாளரின் பெயர், முழுசாக, பட்டத்தோடு. கீழே ஒரே ஒரு வரி: 'மூன்று வாரமாக மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை, கவனிப்பார் யாருமில்லையா?'

"ஆன்மா இன்னும் அலையுதுடா" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா மேலயும் சேத்துக்கல, கீழயும் சேத்துக்கல போல."

"அவர் மூணு வாரம்னுல்ல எழுதியிருக்காரு?"

"அங்க கணக்கு வேற மாதிரி இருக்கும்."

ஒயர் என்பது அந்த அலுவலகத்தின் சர்வர், கணினி, பிரிண்டர், அவசரத்துக்கு மின்விசிறி வரை பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கும் தாள் மேலாளர் மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடக்கிறது. மாலை நாலு மணிக்கு முதலாளியம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு முன் மூன்று நிறுவனங்கள் அவனைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தன. நாலாவதும் விட்டால், "என் கடையிலேயே வந்து உக்காருங்க மாப்ளே" என்று காத்திருக்கும் மாமனாரிடம் போய் உட்கார வேண்டியதுதான். அதற்கு லிஃப்ட் குழி எவ்வளவோ மேல்.

"அக்கா, பேயும் இல்ல, பிசாசும் இல்ல" என்றான், சட்டையைத் துடைத்தபடி. "புகார் யார் எழுதினாலும் சர்வர்தான் அதை மெயிலா மாத்தி நமக்கு அனுப்பும். எந்த மெயிலா இருந்தாலும் பேரை அனுப்புநர் கட்டத்துலேருந்துதான் எடுக்கும். போன வாரம் சர்வரை மாத்தினோம்ல? அந்தக் கட்டத்துல பழைய பேரு வந்து உக்காந்துருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா ஏண்டா உன் உதடு நடுங்குது?"

நடுங்கத்தான் செய்தது. பழைய மேலாளர் ஓய்வுபெற்று, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன பிறகுதான் ஒயர் வேலைக்கு வந்தான். வந்ததும் செய்த முதல் ஏற்பாடு, தானியங்கி இரங்கல். வேலையில் இருப்பவரோ ஓய்வு பெற்றவரோ, வீட்டில் துக்கம் என்றால் ஒரு முகவரிக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் போதும். சர்வரே கறுப்புக் கட்டம் கட்டி, மலர் வைத்து, பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்து, அத்தனை பேருக்கும் அனுப்பிவிடும். மனிதர் கை படவே வேண்டாம். அதில் முதல் போணியே பழைய மேலாளர்தான்.

அன்றைக்கு அலுவலகமே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பியது. மறுநாள் ஆளுக்கொரு கதை. மயங்கி விழுந்த அவர் மனைவியைத் தாங்கிப் பிடித்தது புகார் அக்கா. மலர்வளையம் வைத்தது ஸ்டோர்ஸ்காரர்கள். அதற்குமுன் அந்த மனிதரைக் கண்ணாலும் கண்டிராத ஒயர்கூட, கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு பக்கம் தோள் கொடுத்ததாகச் சொல்லி வைத்தான். புதுசாக வந்தவன் ஒட்டிக்கொள்ள வேறு வழி?

அதற்குள் விஷயம் மேலாளர் அறைக்குப் போய்விட்டது. அந்த அறைக்கதவின் பெயர்ப்பலகை கதவைவிட இரண்டு அங்குலம் அகலம். பட்டங்களில் ஒன்றைக்கூட விட மனசில்லாமல் பக்கவாட்டில் நீட்டியிருந்தார்.

"யாருக்கு வேணா சந்தேகம் வரலாம், எனக்கு வராது" என்றார் மேலாளர். "கடைசியா அந்த முகத்தைப் பாத்தவன் நான். என்ன ஒரு அமைதி! தூங்கற குழந்தை கெட்டுது போ. அப்படிப் போனவர் மெயில் போடுவாரா? எல்லாம் உன் சர்வர் வேலை. நாலு மணிக்குள்ள அது நிக்கணும். இல்லேன்னா உன் ஒப்பந்தம் நிக்கும்."

"கட்டத்துல நிறுவனத்தோட பேரைப் போட்டுடறேன் சார்."

"நிறுவனத்துக்கு ஏதுப்பா முகம்? என் பேரைப் போடு. எந்த மெயில் போனாலும் இனிமே என் பேர்லதான் போகணும். ஒரு கம்பீரம் வேணாமா?"

கேட்டவர் மேலாளர். போட்டான்.

அரை மணியில் கம்பீரம் தெரிய ஆரம்பித்தது. பிரிண்டர் பழுதானால் எல்லாருக்கும் தெரிவிப்பது சர்வரின் வழக்கம். பதினோரு மணிக்கு நாற்பது பேருக்கு மேலாளர் பெயரில் ஒரு மெயில் போனது: 'உள்ளே காகிதம் சிக்கியுள்ளது. பின்பக்கக் கதவைத் திறந்து மெதுவாக இழுக்கவும்.'

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அடுத்தது அதைவிட மோசம். பதில் சொல்லாமல் கிடக்கும் புகார் இரண்டு மணி நேரத்தில் தானாக முதலாளியம்மாவுக்குப் போக வேண்டும் என்பது மேலாளரே போட்ட சட்டம். காலையில் வந்த புகாரை அக்கா பயத்தில் தொடவே இல்லை. சர்வர் தொட்டது. பதினொன்று பத்துக்கு மேலாளரின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் பேசுவது அவர் வழக்கம். தான் பெரிய இடத்தோடு பேசுவது பத்துப் பேருக்குத் தெரிய வேண்டாமா?

"என்னப்பா" என்றார் முதலாளியம்மா, "மூணு வாரமா மேல போக முடியல, கீழ வர முடியல, கவனிப்பார் இல்லைன்னு எழுதியிருக்கே? பதவி உயர்வு வேணும்னா நேரா கேக்கறது. இல்ல, கீழதான் வரணும்னா சொல்லு, அது சுலபம். இன்னிக்கே எறக்கி விட்டுடறேன்."

மேலாளர் எழுந்து நின்று போனுக்கு வணக்கம் போட்டார். வைத்ததும் ஒயரைப் பார்த்த பார்வையில் கண்ணாடிக் குண்டே விரிசல் விட்டிருக்கும்.

"என் பேரை எடுத்துடு! அந்தச் செத்த மனுஷன் பேர்ல இனிமே ஒண்ணும் உள்ள வரக்கூடாது. வந்தா திருப்பி அனுப்பு!"

ஒயர் அனுப்புநர் கட்டத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டான். பழைய மேலாளரின் பெயரில் எது வந்தாலும் திருப்பி அனுப்பும்படி சர்வருக்குச் சொன்னான். திருப்பும்போது காரணம் ஒன்று எழுத வேண்டுமாம். யோசித்து, மரியாதை குறையாமல் எழுதினான்: 'தாங்கள் தற்போது இல்லாதவர் என்பதால் தங்கள் கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது.'

மதியச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியது. இரண்டு மணி வரை ஒன்றுமில்லை. இரண்டு ஐந்துக்கு அக்கா அலறவில்லை. வாயைத் திறந்தபடி திரையைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

இந்தத் தடவை கடிதம் வந்த முகவரி வேறு யாருடையதோ. ஆனால் கடிதத்தின் அடியில் பழைய மேலாளரின் பெயர்.

'நான் இல்லாதவனா? இருக்கிறேனா இல்லையா என்று இன்று நாலு மணிக்கு நேரிலேயே வந்து காட்டுகிறேன்.'

ஒயர் அந்த வரியை இரண்டாம் தடவை படித்தான். சர்வர் எழுதும், திருப்பும், ஒரே கடிதத்தை நூறு தடவை அனுப்பும். ஆனால் சர்வருக்குக் கோபம் வராது.

"தோள் கொடுத்தேன்னு சொன்னியே" என்று கிசுகிசுத்தாள் அக்கா. "எப்படிடா இருந்தது? கனமாத்தானே இருந்தது?"

"நீதானேக்கா அந்தம்மாவைத் தாங்கிப் பிடிச்சே? நீ சொல்லு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். நாற்பது பேரும் கூட்ட அறையில் சுவரோடு சுவராக நின்றார்கள். கதவருகே நிற்க ஆளில்லை. மேலாளர் மட்டும் சமாளித்துக்கொண்டார். பயத்தைப் பேச்சாக மாற்றும் கலை தெரிந்தவர்.

"அம்மா, கணினிக் கோளாறால நம்ம மறைந்த மேலாளரோட பேரு இன்னிக்கு அடிபட்டுருச்சு. அவர் ஆத்மா சாந்தியடைய ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம். கடைசியா அந்த முகத்தைப் பாத்தவன் நான். என்ன ஒரு அமைதி!"

முதலாளியம்மா கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "அன்னிக்கு நான் வெளிநாட்டுல இருந்தேன். நீங்கள்லாம் போயிருந்தீங்களா?"

நாற்பது கைகள் உயர்ந்தன. ஒயரின் கை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

"நான் தோள் கொடுத்தேம்மா" என்றான்.

"மனுஷங்கய்யா நீங்க" என்றார் முதலாளியம்மா. ஒப்பந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். "இப்படிப்பட்ட பிள்ளைய விடலாமா? மௌனம் முடியட்டும், போட்டுடறேன்."

எல்லாரும் தலை குனிந்தார்கள். கடிகார முள் நகரும் சத்தம் கேட்டது. ஒயர் ஓரக்கண்ணால் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. நாற்பது பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வாட்ச்மேன்தான். அந்த அலுவலகத்தில் மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒரே ஆள் அவர். அதனால் நல்லது கெட்டது எதுவும் அவருக்கு வந்து சேர்வதில்லை. யாரும் வாயால் சொல்வதும் இல்லை. உள்ளே ஏன் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள் என்று புரியாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முதலாளியம்மாவிடம் சொன்னார்:

"அம்மா, பழைய மேனேஜர் ஐயா முட்டி வலியோட ஆறு மாடி எறங்கி வந்து கேட்டுல நிக்கறாரு, ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவர் மாமியார் செத்ததுக்குத்தான் மெயில் போட்டும் நம்ம ஆபீஸ்லேருந்து ஒரு ஈ காக்கா வரல, வீட்டு லிஃப்டையாவது வந்து பாப்பீங்களான்னு கேக்கறாரு."