நகல்: தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்

அரசாங்கத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் முப்பது வருடம் அரசு ஊழியராகவே வாழ்ந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தாராவியில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் கவர்மெண்டு அண்ணாச்சி.

வேலை பார்த்தது என்னவோ முதலாளி பாயின் தோல் பை கார்கானாவில், அதாவது பட்டறையில். ஒரே அறை, பதினான்கு பேர், ஆறு மெஷின். அண்ணாச்சி கட்டிங் மாஸ்டர். பி.காம். முடித்த கையோடு நான் அங்கே டிஸ்பாட்சில் சேர்ந்தேன். முதல் நாளே என்னிடம் 'பணியில் சேர்ந்த அறிக்கை' கேட்டார். மூன்று பிரதிகள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். சிரித்ததற்கு மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அந்த அறைக்குள் அவர் ஒரு முழு அரசாங்கத்தையே நடத்திக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேடு உண்டு. ஜன்னல் ஓரம் தைத்துக்கொண்டிருந்தவரை ஃபேன் ஓரத்துக்கு அனுப்பினால் அது இடமாறுதல் உத்தரவு. எந்தக் கடிதம் எழுதினாலும் அடியில் 'நகல்: தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்' என்று போட்டு, சம்பந்தப்பட்டவர், சம்பந்தப்படாதவர் எல்லோருக்கும் ஒன்று அனுப்புவார். டீ ஆறிப்போயிருந்த ஒரு நாள் டீக்கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் பால்காரருக்கும் போயிற்று. பாயே ஒரு நூல்கண்டு கேட்டாலும் எழுதித்தான் கேட்க வேண்டும்.

"வே, நூலு ஒம்ம முதுகுக்குப் பின்னாலதான இருக்கு. எடுத்துத் தாருமே."

"இருக்கு பாய். ஆனா உத்தரவு இல்லையே."

பாய் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் எழுதிக் கொடுத்துவிடுவார். காரணம், அண்ணாச்சி கத்தி வைத்தால் ஒரு விரல்கடை தோல்கூட வீணாகாது. அந்தக் கைக்காக எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கதை உண்டு. அண்ணாச்சி எழுதாத பரீட்சை கிடையாது. ரயில்வே, தபால், துறைமுகம், வங்கி என்று வயது வரம்பு வந்து கதவைச் சாத்தும்வரை எழுதினார். ஒரே ஒரு முறை காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் அந்தப் பட்டியலை யாரும் ரத்து செய்ததாகத் தனக்குத் தகவல் இல்லை என்பார்.

டீ நேரத்தில் தினமும் பாய்க்கும் அவருக்கும் சண்டை நடக்கும். சர்க்கார் ஆபீசில் நாற்காலிதான் வேலை பார்க்கும், ஆள் பார்க்கமாட்டான் என்பது பாயின் கட்சி. ஆர்டர் இல்லாத நாளில் பிரைவேட்காரனுக்குப் பெயரே கிடையாது, மழை பெய்தாலும் கிளார்க் கிளார்க்தான் என்பது அண்ணாச்சியின் கட்சி. பதினொன்று இருபதுக்கு விவாதம் ஒத்திவைக்கப்படும். நிமிடம் பிசகாது.

தேர்தல் வந்தால் அண்ணாச்சிக்குக் கொம்பு முளைத்துவிடும். அவர் பெயர் உறுதியாக ஏறிய ஒரே அரசாங்கப் பட்டியல் வாக்காளர் பட்டியல்தான். "அஞ்சு வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் நான் கவர்மெண்டு" என்று வெளிப்படையாகவே சொல்வார். அதனால் எங்களுக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று பரீட்சை வைப்பார். சந்துச் சாக்கடையின் கட்டர் மூடி உடைந்தால் யாரிடம் போவது, ரேஷன் கார்டுக்கு யார், ரயிலுக்கு யார்? எழுதிய பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் எல்லாவற்றுக்கும் பிரதமர் என்று எழுதினார்கள். பட்டதாரியான நான் எம்.எல்.ஏ. பெயரைக் கேட்டதற்குச் சந்துமுனை பேனரில் பார்த்த பெயரை எழுதினேன். அது பிறந்தநாள் கொண்டாடிய வேறு யாரோ.

போன சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால், ஒரு வேட்பாளர் மேளதாளத்தோடு எங்கள் சந்துக்குள் வந்தார். கும்பிட்ட கையோடு கார்கானாவுக்குள் நுழைந்தவருக்கு அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பிறகு தன் திருநெல்வேலி இந்தியில் நிதானமாக விளக்கினார். இது ஐந்து வருடக் காண்டிராக்ட் போஸ்ட், பெர்மனென்ட் கிடையாது, வேலை கொடுப்பவர்கள் நாங்கள், ஆகவே இன்டர்வியூ உண்டு. அந்த மனிதர் அதற்கு முந்தைய தேர்தலில் வேறு கட்சியில் நின்றவர். முதல் கேள்வியே பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்பது. சொந்தக் காரணம் என்றார் வேட்பாளர். 'திருப்தியாக இல்லை' என்று அண்ணாச்சி குறித்துக்கொண்டார். பதறிப்போன வேட்பாளர் சந்துக் கட்டருக்கு உடனே மூடி போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார். அது மாநகராட்சி கார்ப்பரேட்டர் பார்க்க வேண்டிய வேலை, எந்த வேலைக்கு மனுப் போடுகிறோம் என்றே தெரியாமல் வந்திருக்கிறீர்கள் என்று பேனாவை மூடினார் அண்ணாச்சி. மேளக்காரர்கள் எங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மற்ற வேட்பாளர்களுக்கும் இதே மரியாதைதான். ஆளுக்கொரு பக்கமாக ஒரு ஃபைலே சேர்ந்துவிட்டது.

வாக்குப்பதிவு நாளும் வந்தது. ஊரெல்லாம் லீவு, பாய் கார்கானாவுக்கு மட்டும் இல்லை. மறுநாள் சரக்குப் போக வேண்டும். "எல்லாரும் வெரலுக்கு மை வச்சிட்டிருந்தா தோலுக்கு எவன்வே பசை வப்பான்" என்பார் பாய். அவர் வாழ்க்கையில் ஓட்டுப் போட்டதே இல்லை. அண்ணாச்சியோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஃபைலோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பூத் அதிகாரி நல்ல மனிதர். மூன்று முறை தேடினார். எங்காவது மனுக் கொடுத்தீர்களா என்று கேட்டார். அண்ணாச்சி பெருமையாக ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தாராவியில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டம் தெரிந்த அண்ணாச்சிக்கு மட்டும் அது உறுத்தி, என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, நீக்கிவிடவும் என்று ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். எழுதிய கை சும்மா இருக்குமா? அடியில் மும்பை அலுவலகத்துக்கு ஒரு நகல், தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்.

அங்கேயும் நீக்கிவிட்டார்கள், இங்கேயும் நீக்கிவிட்டார்கள்.

நான் சண்டை போடக் கிளம்பினேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுப்பா. நடவடிக்கை எடுங்கன்னு நான்தான எழுதிருக்கேன். எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு." கடிதத்தைத் திரும்ப ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கார்கானாவுக்குத் திரும்பியவர் பதிவேட்டைத் திறந்து தன் பெயருக்கு நேரே 'தற்செயல் விடுப்பு' என்று எழுதினார். விடுப்பு எழுதியபின் கத்தியைத் தொடக் கூடாது. வேட்பாளர்களை உட்காரவைத்த அதே ஸ்டூலில் வெறும் கையோடு உட்கார்ந்துவிட்டார். பாய் என்னிடம் என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த பசையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்.

"அண்ணாச்சி, எம் பேரு லிஸ்டுல இருக்கா?"

அண்ணாச்சி நிமிராமலே பாகம் எண், வரிசை எண் இரண்டையும் சொன்னார். எங்கள் எல்லோருடைய எண்களும் அவருக்கு மனப்பாடம். தன்னுடையதை மட்டும் இந்த முறை சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. பாய் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஆறு மெஷினும் நின்றன.

"ஆருக்குக் குத்தணும், சொல்லும். இது ஒம்ம ஓட்டு வே."

"சொல்லப்பிடாது பாய், ரகசியம். இன்டர்வியூ ஃபைல் இருக்கு. படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

சரக்கு காத்திருக்க, பாய் உதட்டை அசைத்து அசைத்து அந்த ஃபைலை இருபது நிமிடம் படித்தார். பிறகு எல்லோரும் வரிசையாகக் கிளம்பினோம், முன்னால் அண்ணாச்சி. உள்ளே போக முடியாதவர் வாசலில் நின்று எங்கள் சீட்டுகளைச் சரிபார்த்து அனுப்பினார். வெள்ளைச் சட்டையையும் ஃபைலையும் பார்த்துவிட்டு யார் யாரோ அவரிடம் வந்து, சாகேப், எங்கள் வரிசை எது என்று கேட்டார்கள். சாயங்காலம்வரை சாகேப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு போலீஸ் ஹவல்தார் அவரைக் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி பதிவேட்டைத் திறந்தார். 'தற்செயல் விடுப்பு' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், இத்தனை வருடம் அந்தப் பதிவேட்டில் ஒரு புள்ளிகூட வைக்காத பாயின் கோணல் எழுத்தில், 'அரசுப் பணி' என்று இருந்தது. அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து, கீழே 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் இப்போது நவி மும்பையில், கோபர்கைரனேயில் இருக்கிறேன். அதே பிரைவேட், ஏசி மட்டும் கூடுதல். ஒரு நாள் மீட்டிங் நடுவில் அண்ணாச்சி போன் செய்தார். திரும்ப மனுப் போட்டிருந்தாராம், இந்த முறை நகல் யாருக்கும் இல்லாமல். "பேரு ஏறிட்டுப்பா. வெயிட்டிங் இல்ல, கன்ஃபர்ம்" என்றார். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

என்னுடைய எண்ணை இன்றைக்கும் நான் தேடித்தான் பார்க்க வேண்டும். அவருடையது மனப்பாடம்.