ரெயிலர் அக்காவும் இடிவேலனின் முதுகுச் சீலையும்

உலகத்தைக் காப்பாற்றப் பறந்து திரிகிற வீரர்கள் எல்லாரும் பயப்பட வேண்டிய ஒரே ஆள், கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் மெசினுக்குப் பின்னால் இருக்கிறா. வில்லன்கள் அந்த வீரர்களை அடிப்பார்கள், சுடுவார்கள், மிஞ்சிப்போனால் வேறு கிரகத்துக்குத் தூக்கி எறிவார்கள். ரெயிலர் அக்கா அவர்களுடைய உடுப்பைப் பார்த்து, "உதென்ன தையல்?" என்று கேட்பா.

அவாவுக்கு அந்தப் பேர் இரண்டு வழியால் வந்தது. தொழில் தையல், எங்கள் ஊர் வாயில் டெயிலர், ரெயிலர் ஆகிவிடும். மற்றது, படம் வர முன்னம் விடுகிற முன்னோட்டம், அந்த ரெயிலரை இரண்டு நிமிஷம் பார்த்தால் போதும், முழுக்கதையையும் சொல்லிவிடுவா. பிறகு படத்தில் கதை வேறு மாதிரி வந்தால், பிழை படத்தில்தான் என்று அடித்துச் சொல்லுவா.

நான் அப்போது பக்கத்து ஒழுங்கையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். காற்சட்டையின் இடுப்பைச் சின்னனாக்கக் கொண்டுபோனேன். கடைச் சுவரில் கலண்டர் தொங்க வேண்டிய இடமெல்லாம் சித்திரக்கதை அட்டைகள். நடுவில் இடிவேலன்! நீல உடுப்பு, தோளிலிருந்து குதிக்கால் வரை பறக்கிற நீளத் துணி, கழுத்தில் தங்கக் கொளுக்கி. பள்ளிக்கூட நாளில் சோறு தண்ணி மறந்து நான் வாசித்த வீரன்.

"அக்கா, நீங்கள் இடிவேலன் வாசிக்கிறனீங்களோ?"

"ஓம், வாசிக்கிறனான். ஆனா ஒரு சந்தேகம். உவன் உந்த உடுப்புக்குள்ள எதால பூந்தவன்?"

"விளங்கேல்லை அக்கா."

"சிப் இல்லை, பொத்தான் இல்லை, கழுத்தும் ஒடுக்கம். தலை எதால போனது? யோசிச்சுப்போட்டு வந்து சொல்லும்."

காற்சட்டை அடுத்த நாளே தயார். என்னுடைய பதில் இன்றைக்கும் தயாரில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அந்தக் கடைதான் எங்கள் சபை. நான், ஃபோன் திருத்துகிற சுதன், இன்னும் இரண்டு மூன்று பேர். ஆளுக்கொரு தேத்தண்ணி. பேயும் வேற்றுக்கிரகமும் ராட்சதப் பல்லியும் வாயில் புகுந்து விளையாடும். சட்டை தைக்க வருகிற சனத்துக்கும் தப்ப வழியில்லை. ஒருநாள் ஒரு ரீச்சரை அளவெடுத்துக்கொண்டே அக்கா கேட்டா:

"கையைத் தூக்குங்கோ ரீச்சர். இன்னும் மேல. இப்ப உங்கட கையில ஒரு மாடிக்கட்டடம் இருக்கெண்டு நினையுங்கோ. கமக்கட்டு கிழியுமோ கிழியாதோ?"

"கிழியும் போலத்தான் கிடக்கு," என்றா ரீச்சர், பயந்துபோய்.

"கேட்டியளோடா! படிச்ச மனுசியே சொல்லுறா!"

வேற்றுக்கிரகத்தார் ஏன் எப்போதும் பெரிய பட்டணங்களிலேயே இறங்குகிறார்கள், ஓமந்தையில் இறங்கினால் என்ன என்று ஒருமுறை பெரிய விவாதம். "ஓமந்தையில இறங்கினா சோதனைச்சாவடியில அடையாள அட்டை கேப்பினம் எண்டு பயந்திருப்பாங்கள்," என்றான் சுதன். சிரித்துச் சிரித்து அக்கா ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குக் கையை மாறித் தைத்துவிட்டா.

சிரிப்பெல்லாம் அந்தத் துணி விஷயம் வரும்வரைதான். இடிவேலனின் தோளில் பறக்கிறதை நாங்கள் கேப் என்போம். அக்கா முதுகுச் சீலை என்பா.

"அந்தச் சீலையோட ஒருத்தனும் சண்டை பிடிக்கேலாது தம்பி. எங்கையாவது கொளுவும். இல்லாட்டி எதிரி பிடிச்சு இழுப்பான். கதை முடிஞ்சுது."

"கேப் இல்லாட்டி அவன் இடிவேலனே இல்லை அக்கா!"

"அப்ப அவன் முதலாம் பக்கத்திலயே செத்திருக்கோணும்!"

நான் எழும்பினேன். அக்காவும் எழும்பினா. மெசினுக்கு மேலால் அரை மணித்தியாலம் கத்தினோம். மூன்று கிழமை இதே கதை. வாட்ஸ்அப் குழுவில் நான் படம் போட, அக்கா அதே படத்தில் எங்கெங்கே கொளுவும் என்று சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவா. கடைசியில் சுதன்தான் வழி சொன்னான்: "தைச்சுப் பாப்பம். இவன் அதைப் போட்டுக்கொண்டு மோட்டச்சைக்கிள் ஓடட்டும். தோத்த ஆள் சாகுமட்டும் கேப்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது."

எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் இல்லை. உடனே சம்மதித்தோம்.

அடுத்த ஞாயிறு காலமை வட்டக்கச்சியில் வாய்க்கால் கட்டுப் பாதையில் கூடினோம். அக்கா துணியை விரித்தா. மினுங்குகிற நீலம், ஓரமெல்லாம் மடித்த தையல், கழுத்தில் தங்க நிறக் கொளுக்கி. புத்தகத்திலிருந்து உருவி எடுத்த மாதிரி! வயலுக்குள் நின்ற ஓர் ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, கோயில்ல நாடகமோ?"

"இல்லை ஐயா, பரிசோதனை!"

அக்கா தானே துணியை என் தோளில் கொளுவினா. தலைக்கவசத்தின் பட்டியை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தா. "மெல்லமா ஓடும்," என்றா.

மெல்லமாக ஓடுகிற இடிவேலனை நான் எந்தப் பக்கத்திலும் வாசித்ததில்லை. முறுக்கினேன். துணி எழும்பியது! பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டு பறந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பச்சை வயல், நடுவில் நான். "இடிவேலன்!" என்று கத்தினேன். கொக்குகள் கூட்டமாய் எழும்பின. முப்பத்திரண்டு வயதில், மாதச் சம்பளக்காரனாகிய நான், பறந்தேன்.

வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தேன். துணி இறங்கியது. இறங்கிய துணி பின்சில்லுக்குள் போனது.

கழுத்தில் ஒரு இழுவை. 'டக், டக்' என்று இரண்டு சத்தம். அடுத்த கணம் கழுத்தில் ஒன்றுமில்லை. மோட்டச்சைக்கிள் ஒரு பக்கம், நான் மறுபக்கம், இடுப்பளவு வாய்க்கால் தண்ணீருக்குள்.

எழும்பிப் பார்க்கிறேன், அக்கா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவருகிறா. நின்று யோசிக்கவில்லை, கட்டியிருந்த சீலையோடு தண்ணீருக்குள் இறங்கினா. என் கழுத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தா. "விழுங்கும். விழுங்கேலுதோ? தலையைத் திருப்பும் பாப்பம்."

சுதன் சில்லில் சுற்றிய துணியை உருவி எடுத்தான். "அக்கா, கொளுக்கி சும்மா மேல ஒட்டிக் கிடக்கு. உள்ளுக்கு ரெண்டு அமத்துற பொத்தான்தான். இழுத்தாக் கழரும்."

"ஓம்," என்றா அக்கா.

"அப்ப நீங்களெல்லோ தோத்தது! பொத்தான் வைச்சா சீலையோட சண்டை பிடிக்கலாம். எதிரி இழுத்தா, சீலை மட்டும்தான் அவன்ர கையில வரும்!"

"ஓமடா, தோத்துப்போனன்," என்றா அக்கா. அப்படி ஒரு சொல்லை அவாவின் வாயால் நாங்கள் அதற்கு முன் கேட்டதேயில்லை.

"படத்தில இருக்கிற மாதிரியே தைச்சிருந்தா வெண்டிருப்பியளே அக்கா," என்றேன், பல் அடித்துக்கொள்ள.

"நான் வெல்லுறதுக்கு உம்மட கழுத்தோ கிடைச்சுது?" என்று ஏசினா. பிறகு, முந்தானையைப் பிழிந்துகொண்டு, "வடிவாத்தான் பறந்தனீர்," என்றா.

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றினா. அன்றிலிருந்து முதுகுச் சீலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு இடிவேலனின் கையுறையில் தொடங்கினா: "உதைப் போட்டுக்கொண்டு உவன் எப்பிடி ஃபோன் எடுக்கிறவன்?"

எனக்கு இப்போது வவுனியாவில் வேலை. இங்கே புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்கே போய்விடுவேன். வெளியே வந்தவுடன் கூட வந்த சிநேகிதர்கள், "படம் எப்பிடி?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு, ஒரு மரநிழலில் நின்று கிளிநொச்சிக்கு ஃபோன் எடுப்பேன். ரெயிலர் அக்காவோடு சண்டை பிடித்து முடித்த பிறகுதான், எனக்கு எந்தப் படமும் பார்த்தது மாதிரி இருக்கும்.