பாரிஸ் குதிரைக்கு எண்ணெய்க் குளியல்

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தால் சரியாகாத சங்கடமே கிடையாது என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. அதை ஒரு வெளிநாட்டுக் குதிரை வரைக்கும் பரப்பிய பெருமை பத்து வயதிலேயே எனக்கு வாய்த்தது.

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு அத்தை பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்தபோது, அவர் மகள் சிமோன் கையில் ஒரு பிளாஸ்டிக் குதிரை இருந்தது. ரோஜா நிறப் பிடரி, அதே நிறத்தில் வால். கடற்கரைக்குக் கொண்டுபோனதில் முடியெல்லாம் மணலும் சிக்குமாகிவிட்டது. சிமோன் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். எனக்கா வைத்தியம் தெரியாது? நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். குதிரை பிழைத்தது. நைலான் முடி அடிபிடித்த சேமியாவாகிவிட்டது.

மறுநாள் அவர்கள் விமானம் ஏற வேண்டும். நாத்தனார் ஒரு குறையும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க அம்மாவின் தவம். "அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிச்சுன்னு தெரிஞ்சுது, உன் தோல உரிச்சுடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

தலையைத் திருகினேன் (குதிரையுடையதை). கழன்று வந்தது. முடியைத் துளைகளில் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டிருந்தார்கள். இவ்வளவுதானா? வேறு முடி கிடைத்தால் போதும். பெட்டிக்குள் அம்மாவின் சவுரி இருந்தது. சீவும்போது உதிர்ந்த தன் முடியையே வருஷக்கணக்காகச் சேர்த்துக் கட்டிய சவுரி. அதைக் கத்தரித்துக் கோணி ஊசியால் கோத்தேன். வாலைப் பின்னிக் குஞ்சலமும் கட்டினேன். அப்படியொரு அழகு. இன்றுவரை நான் செய்ததில் அதுதான் உருப்படியான வேலை.

அன்று மாலை உழவர்கரையில் ஒரு கல்யாண வரவேற்பு. அம்மா சவுரியைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சிமோன் குதிரையோடு ஓடிவந்தாள்.

"மாமி, பாருங்க. இதுக்கும் உங்கள மாதிரியே ஜடை."

அம்மா குதிரையைப் பார்த்தார், பிறகு என்னை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. "அண்ணி, அது உங்க சவுரிதானே?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"அதனால என்னா? என்னவிட அதுக்குத்தான் எடுப்பா இருக்குது" என்றார் அம்மா.

எலிவால் கொண்டையில் மல்லிகையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வரவேற்பில் பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் சிமோனின் குதிரையைச் சுற்றி நின்றது. யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்: "எம் பொண்ணுதான்." எனக்குத் தலைகால் புரியவில்லை. (வீட்டுக்கு வந்தபின் முதுகில் விழுந்தது தனி.)

குதிரை இன்னும் சிமோன் வீட்டு அலமாரியில் நிற்கிறது. அம்மாவுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. "எப்படி இருக்கீங்க மாமி?" என்று சிமோன் போனில் கேட்டால் அம்மாவிடமிருந்து எப்போதும் ஒரே பதில்தான்:

"நான் கெடக்கறேன். அங்க என் கறுப்பு முடி எப்படி இருக்குது?"