நாலாவது வரியில் மீசை

எப்படியும் டிரைவர் வேலையை வாங்கிவிடுவதென்று சபதம் போட்டுக்கொண்டு, லுணுகலை டவுனிலிருந்து நோட்டீஸும் கையுமாகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குள் நுழைந்தார் சண்முகராஜா. லொறிகளில் சாப்பாட்டுச் சாமான் அனுப்பும் பதுளைக் கம்பெனி ஒன்று முந்நூறு பேரை எடுக்கிறதாம். அவருக்கோ எட்டு மாதமாக வேலையில்லை.

நோட்டீஸ் முழுக்கச் சிங்களம். தமிழில் ஒரு எழுத்துப் போட்டால் குறைந்தா போய்விடுவான்கள்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சிங்களம் வாசிப்பது தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று கல்யாணத்தன்றே மனைவி விசாலாட்சியிடம் அளந்துவிட்டிருந்தார். அவளோ சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

அவள் நோட்டீஸை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

“ஏங்க, மீசை இருந்தா எடுக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கே, பாத்தீங்களா?”

பகீரென்றது. சமாளித்துக்கொண்டார்.

“பாக்காம இருப்பேனா? நாலாவது வரி.”

“ஆமா, நாலாவது வரிதான்.”

“என்னா அநியாயம்! முந்நூறு பேரை எடுக்கிறவன் என் மீசையை எதுக்கு எடுக்கச் சொல்றான்?”

“சாப்பாட்டுச் சாமானாச்சே. முடி கொட்டிருச்சுன்னா?”

“என் மீசை என்னா சவுக்கு மரமா, நின்ன எடத்துல கொட்ட?”

“எனக்கென்ன தெரியும்? தேத்தண்ணியில பாதிய அதுதான் குடிக்குதுன்னு இருவது வருசமா சொல்றேன். எடுத்தீங்களா?”

மறுநாள் காலை மீசை போனது. பதுளை போய்ச் சேரும்வரை பஸ்ஸிலிருந்த அத்தனை பேரிடமும் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்.

அங்கே போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மீசை. நேர்முகம் நடத்திய அதிகாரிக்குக் காதுவரை மீசை! அந்த ஆள் அடையாள அட்டைப் படத்தையும் இவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இது உங்க அண்ணனா?” என்று கேட்டார்.

வேலை கிடைத்தது. ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

“அங்க அவனவன் மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிறான்! மீசை கூடாதுன்னு எவன் சொன்னது?”

விசாலாட்சி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

“நாலாவது வரின்னு நீங்கதானே வாசிச்சீங்க? இல்ல, உங்களுக்குச் சிங்களம் வாசிக்க...”

சண்முகராஜா மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

“அச்சடிச்சவன் பிழை விட்டுட்டான்” என்றார்.