ஆணிக்கடை மூணெழுத்து அண்ணாச்சி

ஆணி வாங்கப் போய் ஆதாமின் விலா எலும்போடு திரும்பி வந்த ஜனங்கள் இந்த உலகத்தில் உண்டென்றால், அது எழுபதுகளின் தேனிக்காரர்கள்தான். காரணம், கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மூணெழுத்து அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அந்தக் கடை மாடியில் குடியிருந்த எனக்கே தெரியாது.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஊரைவிட்டுப் போன எந்தப் பாதிரியாரோ விட்டுச் சென்ற எபிரேய அகராதி ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஞாயிறு காலையில் சர்ச். மத்தியானம் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போய் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவரிடம் அரபிப் பாடம். இவர் எந்தப் பக்கம் சாயப்போகிறாரோ என்று போதகருக்கும் தூக்கமில்லை, ஹஜ்ரத்துக்கும் தூக்கமில்லை. அண்ணாச்சி எங்கேயும் சாயவில்லை. இரண்டு பக்கத்துச் சொல்லையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒருநாள் லோயர் கேம்ப்பிலிருந்து ஒருவர் அவசரமாக வந்தார்.

"அரைக் கிலோ ஆணி குடுங்க அண்ணாச்சி. மதுரை ஜில்லா பூராவும் தட்டுப்பாடாம்ல?"

"ஜில்லான்னா என்னன்னு தெரியுமாய்யா?"

வந்தவர் விழித்தார்.

"விலா எலும்பு! அரபியில அதுக்கு விலான்னு அர்த்தம். அதுவே பக்கம், பகுதின்னு விரிஞ்சு நம்ம ஊருக்கு ஜில்லாவா வந்திருக்கு. எபிரேயத்துல அதே சொல்லு 'சேலா'. கர்த்தர் ஆதாம்கிட்ட உருவுனாருல்ல, அந்த எலும்பு! நம்ம கலெக்டர் ஆளுறது பூரா ஒரு விலா எலும்பத்தான்யா!"

"அண்ணாச்சி, ஆணி..."

"அரபி, எபிரேயம்னு அங்கன உள்ள பாஷைக்கெல்லாம் மூணு மெய்யெழுத்துதான் வேரு. உயிரெழுத்து சும்மா சட்டை மாதிரி. ஊருக்கு ஊரு சட்டைய மாத்திக்கிரும், ஆளு ஒண்ணுதான்."

அந்த மனிதர் ஆணியும் வாங்கவில்லை, பஸ்ஸையும் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. பயம் வந்தால் சிலர் பீடி பற்றவைப்பார்கள். அண்ணாச்சி ஒரு சொல்லைப் பற்றவைப்பார். கடைத் தாழ்வாரம் ஒழுகினால் எபிரேயத்தோடு நின்றுவிடும். விற்பனை வரிக்காரர் வந்துவிட்டால் அரபி வரை போவார். பக்கத்துக் கடை தீப்பிடித்த அன்று ஏசு பேசிய அராமிக் வரை போய்விட்டார், தண்ணீர் வாளி கையில் இருக்க.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். என் மனைவி செல்விக்குப் பிரசவம். நாங்கள் இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள். வலி எடுத்தபோது கூப்பிட ஒரு ஆத்தா இல்லை, அத்தை இல்லை. நான் மாடியில் வேட்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சி குதிரை வண்டியே பிடித்துவிட்டார். சந்தை நாள், கடையில் கூட்டம். கடையைப் பூட்டாமலே வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள குறுக்க கெடக்கு. ஆபரேஷன்தான். கர்ப்பப்பை எப்படித் தாங்குதுன்னு பாத்துத்தான் எதுவும் சொல்ல முடியும்."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் இனிஷியல் எனக்கு மறந்துபோனது. கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் நானும் அண்ணாச்சியும்.

"கர்ப்பப்பைன்னாகல்ல?" என்றார், கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல். "எபிரேயத்துல 'ரெஹெம்'. ர, ஹ, ம. அதே மூணெழுத்துலதான் 'ரஹமீம்', இரக்கம். அரபியிலயும் அப்படித்தான். 'ரஹிம்'னா கருப்பை, 'ரஹ்மத்'துன்னா கருணை. பெத்த வயித்துல இருந்துதான் தம்பி இரக்கமே பொறந்திருக்கு."

"அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க."

"அராமிக்ல போயி அதுவே அன்புன்னு ஆயிருச்சு. பாபிலோன் பக்கம் 'ரேமு'. நடு எழுத்து செத்துப்போச்சு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிற வார்த்தையா அது? பேச்சை மாற்றலாம் என்று, "நம்ம இரக்கமும் அதுலருந்து வந்ததுதானா?" என்றேன்.

அந்தப் பயத்திலும் அவருக்குக் கோபம் வந்தது. "மூஞ்சி ஒத்துப்போனா சொந்தமாயிருமா? அது வேற குடும்பம் தம்பி!"

பிறகு எத்தியோப்பியாவுக்குக் கிளம்பினார். அங்கே எழுத்து இடம் மாறி ம, ஹ, ர என்று ஆகிவிட்டதாம். எத்தியோப்பியா! தீப்பிடித்த அன்றுகூட அவ்வளவு தூரம் போகாத மனிதர். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

கதவு திறந்தது. கோட்டயத்துக்காரச் சிஸ்டர் ஒருவர் வேகமாக வெளியே வந்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே வாய்க்குள் ஏதோ ஜெபம் முணுமுணுத்தார். அதில் 'ராஹேம்' என்று ஒரு சொல் எனக்கே கேட்டது. அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து அவரை மறித்துவிட்டார்.

"சிஸ்டர்! இப்ப என்ன சொன்னீக?"

"மாறிக்கோ சேட்டா! ரத்தம் ஏற்பாடு பண்ணணும்!"

சிஸ்டர் அவரைத் தள்ளிவிட்டு ஓடினார். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சுறியானி, தம்பி! அராமிக்கோட வாரிசு! மலையாளத்துப் பழைய சர்ச்சுல இன்னும் ஓதுறாக. இருவது வருசமா புஸ்தகத்துல மட்டும் பாத்த சொல்லு. ஒரு மனுசி வாயில உசுரோட கேட்டுட்டேன்!"

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "அவுக ரத்தத்துக்கு ஓடுறாக, ஒங்களுக்கு வார்த்தை கேக்குதா?"

அண்ணாச்சியின் வாய் மூடிக்கொண்டது. சுவரோரமாகப் போய் நின்றார். துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டார். எபிரேயம் இல்லை, அரபி இல்லை, ஒன்றும் இல்லை. அவர் பேசியதைவிட அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. ஏதாவது சொல்லுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சலாமா என்றுகூட நினைத்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மறுபடி கதவு திறந்தது. அதே சிஸ்டர், முகமெல்லாம் வேர்வை. என்னைக் கவனிக்கவில்லை. தள்ளிவிட்டுப் போன வருத்தமோ என்னவோ, நேரே அண்ணாச்சியிடம் போனார்.

"ஷமிக்கணும் சேட்டா. நீங்க கேட்ட ஆ வாக்கு, அது எங்க சர்ச்சு குர்பானையில..."

"அது கெடக்கட்டும் தாயி," என்றார் அண்ணாச்சி. "உள்ள கெடக்குறது எங்க வீட்டுப் புள்ள. அது எப்படி இருக்கு? அத மொதல்ல சொல்லு."

"பெண் குட்டி. அம்மையும் சுகம். ரத்தம் வேண்டி வரலை."

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழாத நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கடையில் பாதிச் சாமான் போயிருக்கும் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து அண்ணாச்சியிடம், அந்தச் சிஸ்டரிடம் போய் ஜெபத்தை முழுசாகக் கேட்டீர்களா என்றேன்.

"எங்கன? அவுகளுக்கு மாத்தலாகிப் போச்சாம். போகட்டும், விடு," என்று சொல்லிவிட்டு, மடியில் கிடந்த என் மகளுக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.