மாமா தோட்டத்தில் ஒரு மானியப் படம்

நான் ஒரு பீடிக்கட்டு கூடக் கடத்தியதில்லை. ஆனால் ஒரு முழு சினிமா யூனிட்டை, கேமரா, லைட், மேக்கப் பெட்டி, கதாநாயகி சகிதம், நான்கு நாள் மாநில எல்லை தாண்டிக் கடத்தி வைத்திருந்தேன். அதுவும் அரசாங்கப் பணத்தில். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. (நான் ஒப்புக்கொள்ளட்டும் என்று வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. 'குமார், லொகேஷன் மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன். அதுவரை நான் பிடித்துக் கொடுத்திருந்த ஒரே லொகேஷன், ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கான கல்யாண மண்டபம். அதையும் முகூர்த்த நாளில் பிடித்துவிட்டதால் விளம்பரத்தில் யாரோ ஒருவருடைய நிஜ மாப்பிள்ளை நடந்து போவார். இந்தத் தகுதியோடுதான் அனிதா சேச்சியின் படத்தில் சேர்ந்தேன்.

அனிதா சேச்சி பாலக்காட்டில் பேங்க் வேலையில் இருந்தவர். புது இயக்குநர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் திரைப்பட உதவிநிதிக்கு இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்று, மூன்றாம் முறை தேர்வானார். தேர்வான கையோடு வேலையை விட்டுவிட்டார். அந்த நிதி மொத்தமாகக் கைக்கு வராது. முதல் தவணையில் படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும். நடுவில் ஓர் அதிகாரி வந்து பார்த்து, எல்லாம் சரி என்று எழுதினால்தான் அடுத்த தவணை. அதில் ஒரு நிபந்தனை முக்கியம்: படம் முழுக்கக் கேரளத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும். நியாயம்தானே? அந்த ஊர்க்காரர்களின் வரிப்பணம் அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டாமா?

கதைக்கு ஓட்டு வீடு, கிணறு, பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே சூரிய உதயம் எல்லாம் வேண்டுமென்றார். நான் யோசிக்கவே இல்லை. பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டில், கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஆறுமுகம் மாமாவின் வீட்டைக் காட்டினேன். என் அம்மாவின் தம்பி. சேச்சி பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டார். இது கேரளம்தானே என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நூறு சதவீதம் என்றேன். மாமா பஞ்சாயத்துக்கு வரி கட்டிய ரசீதை நகலெடுத்து, 'படப்பிடிப்பு இடம் கேரளம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. வீடு கேரளம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எல்லை என்பது ரேஷன் வாங்கும்போதும் ஓட்டுப் போடும்போதும் மட்டும் நினைவுக்கு வருகிற சமாச்சாரம். பால் அந்தப் பக்கம் போகும், பெண் அந்தப் பக்கமிருந்து வரும். சின்ன வயதில் அந்தத் தோப்பில் இல்லாத சேட்டையெல்லாம் செய்திருக்கிறேன். எந்தத் தென்னை எந்த மாநிலம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தோட்டம் என்றால் மாமா தோட்டம், அவ்வளவுதான்.

நான்கு நாள் ஜோராகப் போயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் தோப்புக்குள் கைகாட்டிய இடமெல்லாம் கேமரா போயிற்று. உதயக் காட்சி முதல் நாளே முடிந்துவிட்டது. அத்தை கன்றுக்குட்டியைக் கட்டும் ஒரு பழைய கல், கலை இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதன்மேல் கதாநாயகியை உட்காரவைத்துக் கடிதம் படிக்கும் காட்சியையும் எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் அதிகாரி வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், சாது, கையில் குடை. அத்தை இலை போட்டுப் பரிமாறினாள். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, பின்வாசல் தாண்டி மோட்டார் குழாயில் கை கழுவப் போனார். மரியாதைக்கு மாமாவும் கூடப் போனார். நல்ல தோட்டம், எத்தனை ஏக்கர் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மாமாவுக்கு விருந்தாளியிடம் பெருமை பேசுவதென்றால் கேட்க வேண்டாம்.

"ஊடு கேரளாங்க. நீங்க நிக்கிற எடத்துல இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தமிழ்நாடுங்க. நாங்க சோத்தக் கேரளாவுல உண்டுபோட்டுக் கைய தமிழ்நாட்டுல கழுவுறமுங்க."

நான் மாமாவுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து, மாப்பிள்ளை கை துடைக்கத் துண்டு கேட்பதாக நினைத்து, அத்தையிடம் துண்டு கொண்டுவரச் சொன்னார். அதிகாரி ஈரக் கையோடு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்து போய்க் கன்றுக்குட்டியை நகர்த்திவிட்டு அந்தக் கல்லைப் பார்த்தார். அது எல்லைக்கல்.

நான்கு நாள் எடுத்ததில் வீட்டுக்குள் எடுத்த மூன்று காட்சிகள்தான் கேரளம். மற்றதெல்லாம் தமிழ்நாடு. கடிதக் காட்சியில் மட்டும் கதாநாயகி இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்.

அனிதா சேச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிணற்று மேடையில் உட்கார்ந்து, "குமாரே, நான் வேலை விட்டு வந்ததாணு," என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தக் கிணற்றிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. (குதித்தால் எந்த மாநிலப் போலீஸ் வருமென்ற குழப்பத்தில் விட்டுவிட்டேன்.) இரண்டாம் தவணை நின்றால் படம் நின்றுவிடும். கதாநாயகியின் தேதி இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். எல்லைக்கு அப்பால் எடுத்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் இரண்டு நாளும் இங்கேயே இருக்கிறேன், கேரளத்துக்குள் திரும்ப எடுத்தால் அப்படியே எழுதுகிறேன் என்றார். மாமா ஓடிப்போய்த் தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்து ஓர் எல்லைக்கல்லிலிருந்து அடுத்த எல்லைக்கல் வரை இழுத்துக் கட்டினார். அதிகாரி கயிற்றோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சமையலும் மேக்கப்பும் அந்தப் பக்கம், நடிப்பு இந்தப் பக்கம். சாயங்கால வெயிலில் கதாநாயகியின் நிழல் கயிற்றைத் தாண்டி விழுந்தது. பரவாயில்லையா என்று கேமராமேன் கேட்டார். அதிகாரி வெகுநேரம் யோசித்து, நிழலுக்கு விதி இல்லை என்றார்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், உதயத்தைத் தவிர. கேமரா கேரளத்தில் நின்றாலும், அது கிழக்கே பார்த்தால் தெரிவதெல்லாம் தமிழ்நாடு. படத்தில் தெரிவதும் நம் மாநிலமாக இருக்க வேண்டும் என்பதில் அதிகாரி உறுதியாக இருந்தார். அப்போதுதான், இவ்வளவு பட்டும் அடங்காத என் மூளை ஒரு யோசனை சொன்னது. முன்வாசலில் நின்று மேற்கே மறைகிற சூரியனை எடுத்து, எடிட்டிங்கில் பின்னோக்கி ஓட்டினால் உதயம் ஆகிவிடாதா? வேறு வழியில்லாததால் சேச்சி ஒத்துக்கொண்டார். கடைசி நாள், ஒரே டேக். ரோட்டில் ஆள் வராமல் நான் மறித்து நின்றேன். ஆட்களை மட்டும்தான் மறித்தேன்.

அதிகாரி சொன்னபடியே எழுதினார், தவணை வந்தது, படமும் முடிந்தது. பாலக்காட்டு தியேட்டரில் முதல் காட்சிக்கு மாமா ஒரு வேன் நிறைய ஆள் கூட்டி வந்தார். கடைசியில் உதயக் காட்சி. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

"ஏன் மாப்ள, இது நம்ம ரேஷன் கடைப் பக்கமாச்சே. அங்க எப்புடிச் சூரியன் உதிக்குது?"

"அத வுடுங்க," என்றாள் அத்தை. "நம்ம லட்சுமி என்னத்துக்குப் பின்னால பின்னாலயே போகுது?"

திரையின் ஓரத்தில் மாமாவின் பசு, வாலை முன்னே நீட்டிக்கொண்டு, வெகு நிதானமாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. முதலில் எங்கள் வரிசை சிரித்தது, பிறகு தியேட்டரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அனிதா சேச்சிதான், கண்ணில் நீர் வர. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

இறங்கிய பாரம் வேறொரு இடத்தில் ஏறிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்துப் பொள்ளாச்சிப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். சினிமா வேலையை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று பெண்ணின் அப்பா தயங்கினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சூரியன் மேக்கால உதிச்சாலும் உங்க பொண்ணு கண்கலங்க வுடமாட்டனுங்க," என்றேன்.

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத மட்டும் நம்பிப்போடாதீங்க," என்றாள். "அவன் ஒருக்கா உதிக்க வெச்சுட்டானுங்க."

உள் அறையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளையே கட்டிக்கொண்டேன். இன்றுவரை நான் எதற்குச் சத்தியம் செய்தாலும், கிழக்கா மேற்கா என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறாள்.